சொந்த மந்திரம் செய்வது எப்படி?

தேவையான பொருட்கள்: ஒரு வாக்கியம், ஒரு வாய், உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரு குளியலறை. கண்ணாடியும் வேண்டும் என்கிறார்கள். ரசம் போன கண்ணாடி என்றால் இன்னும் நல்லது. முகம் முழுசாகத் தெரியாதபோது 'நான் ஒளி வீசுகிறேன்' என்று சொல்வதில் அவ்வளவு கூச்சம் இருக்காது. வாசனை மெழுகுவத்தி, மூங்கில் பாய், 'இன்று எனக்காக' என்று அட்டையில் பொன்னெழுத்து அச்சடித்த நாட்குறிப்பு ஆகியவை கடைக்காரரின் மனநலத்துக்கானவை. உங்களுக்குக் கட்டாயமில்லை.

முதல் வேலை, வாக்கியம் பிடிப்பது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே பெரிய சைஸில் பிடித்துவிடுகிறார்கள். 'செல்வம் என்னை நோக்கி ஓடி வருகிறது' என்பது தற்போது நல்ல விற்பனையில் உள்ள ரகம். விடியற்காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரியை நோக்கி ஓடுகிறவர் இதைச் சொல்லிப் பார்த்தால், எது எதை நோக்கி ஓடுகிறது என்று மனசுக்கே குழப்பம் வந்துவிடும். இது வெறும் கிண்டல் இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம்மைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களை, 'நான் அன்பு செலுத்தத் தக்கவன்' என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். சொன்னவர்கள், சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். பெரிய வாக்கியத்தைக் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு குரல் 'யாரு, நீயா?' என்று கேட்டு, பழைய சாட்சிகளையெல்லாம் கூண்டில் ஏற்றிவிடுகிறது. நம் வீடுகளில் அந்தக் குரல் உள்ளேயிருந்துதான் வரவேண்டும் என்ற அவசியமும் இல்லை. அடுப்படியிலிருந்தே வரும்.

ஆகவே, நீங்களே நம்பாத வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். 'நான் எல்லாரையும் மன்னித்துவிட்டேன்' என்பதையும் நீக்கிவிடுங்கள். பங்காளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயர் விட்டுப்போன வருஷத்தை நீங்கள் இன்னும் தேதியோடு சொல்கிறீர்கள்.

இரண்டாவது, எத்தனை தடவை சொல்வது என்ற கேள்வி. பிரான்சின் நான்சி நகரில் எமில் கூவே என்றொருவர் இருந்தார். தொழிலால் மருந்துக் கடைக்காரர். மருந்தைக் கொடுக்கும்போது அதைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொன்னால், அது கூடுதலாக வேலை செய்கிறது என்று கண்டுகொண்டார். பிறகு மருந்தை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் கொடுக்க ஆரம்பித்தார். நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் நான் தேறிவருகிறேன் என்ற பொருளில் ஒரே வாக்கியம். எழுந்ததும் இருபது தடவை, படுக்கும்முன் இருபது தடவை. எண்ணிக்கை தவறாமல் இருக்க, இருபது முடிச்சுப் போட்ட கயிறு. 1920களில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தன. 1926இல் கூவே காலமானார். வாக்கியம் இன்னும் சாகவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு கைப்பேசிச் செயலிகளில் வருகிறது.

இருபது தடவை என்றதும் நமக்கு மலைப்பு வர நியாயமில்லை. நாம் இம்போசிஷன் எழுதி வளர்ந்தவர்கள். 'இனிமேல் வகுப்புக்குத் தாமதமாக வரமாட்டேன்' என்று நூறு தடவை எழுதிய கைகள் இவை. திரும்பச் சொல்வதால் மட்டும் மனம் திருந்துமென்றால், தமிழ்நாட்டில் ஒரு கூட்டமாவது அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த இம்போசிஷனிலும் முதலில் 'இனிமேல்' என்பதை மட்டும் நூறு வரியில் எழுதி, பிறகு 'வகுப்புக்கு' என்று கீழ்நோக்கி இறங்கும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் நாம். மந்திரத்தை அப்படி எழுத வேண்டாம். அது தூண் கட்டும் வேலை.

அளவு முக்கியம். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரும் கூட்டாளிகளும் எழுதியது இது: லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லும்போதும், 'ஓம் மணி பத்மே' மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது, இதயத்துக்கும் அது நல்லதாகவே இருந்தது. வாக்கியத்தின் நீளம் மூச்சை ஓட்டுகிறது, மூச்சு மற்றதை ஓட்டுகிறது. அதனால் ஒரு மூச்சுக்குள் அடங்குவதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாநாட்டுத் தீர்மானம் மாதிரி 'மேலும்', 'ஆகவே', 'ஒருமனதாக' என்றெல்லாம் நீண்டால் அமைதி வராது. இருமல் வரும்.

மூன்றாவது படி கிடையாது. பலரும் இரண்டோடு நிறுத்திவிடுவதால் எழுதவில்லை.

நான்காவது, 'நான்' என்று தொடங்காதீர்கள். தன்னைத் தானே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிக்கொள்பவர்கள், பதற்றமான நேரத்தில் கொஞ்சம் விலகி நின்று பார்க்கிறார்கள். மேடையில் பேசச் சொன்னால் குறைவாகத் தடுமாறுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட முடிவு இது. 'வின்னர்' படம் 2003இல் வந்தது. அதில் வடிவேலு நடித்த கைப்புள்ள தன் பெயரைத் தானே கூப்பிட்டுத் தன்னைத் தூங்கச் சொல்வார். பதினோரு வருஷம் முந்திக்கொண்டும் வடிவேலுவை எந்த ஆய்விதழும் மேற்கோள் காட்டியதாகத் தெரியவில்லை. உங்கள் பெயரோடு ஒரு 'டேய்' அல்லது 'ஏ புள்ள' சேர்த்துக்கொண்டால் மனம் சீக்கிரம் திரும்பிப் பார்க்கும். 'அவர்களே' சேர்த்தால் பொன்னாடையை எதிர்பார்க்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக எதையும் செய்ய வேண்டிய தேவை உங்களுக்கு அநேகமாக இல்லை. வீட்டில் பழைய சரக்கு நிறையக் கிடக்கிறது. களத்தில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார், 'லாபம்' என்பார். அந்த வருஷம் லாபமா என்பது அவருக்கும் தெரியும், நெல்லுக்கும் தெரியும். டப்பா காலியானாலும் 'அரிசி இல்லை' என்று ஆச்சி சொல்லமாட்டாள். 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்பாள்; கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். இந்த இரண்டாவது பகுதியைத்தான் செயலிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஆச்சியின் வாக்கியம் அரிசியை வரவழைக்கவில்லை, ஆளை அனுப்பியது. வாசலில் செருப்பு மாட்டும்போது 'போறேன்' என்று யாராவது சொல்லிவிட்டால் வீடே பதறும். 'போயிட்டு வர்றேன்' என்று திருத்திச் சொன்ன பிறகுதான் விடும். ஒரு மூச்சுக்குள் அடங்குகிறது. தற்புகழ்ச்சி இல்லை. திரும்பி வரும் திட்டமும் உள்ளேயே இருக்கிறது. முழங்கால் வலியோடு எழும்போது 'முருகா' என்பதும், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் 'அப்பாடா' என்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. பயிற்சி வகுப்பு இல்லை, கட்டணம் இல்லை, யாரும் கண்ணாடி பார்க்கவும் இல்லை.

இருந்தாலும் சொந்தமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், அடுத்து செய்யப்போகும் வேலையையே வாக்கியமாக வைத்துக்கொள்ளலாம். 'முதல்ல தண்ணி குடி.' 'பதில் நாளைக்கு எழுது.' 'மேனேஜர் பேசி முடிக்கட்டும்.' இவற்றை உள்ளே இருக்கும் குரலால் மறுக்க முடியாது. மறுப்பதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

ரகசியம் காக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தில், கொடுத்த மந்திரத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது முறை. ராமானுஜரைப் பதினெட்டு முறை நடக்கவைத்த பிறகுதான் திருக்கோஷ்டியூர் நம்பி எட்டெழுத்து மந்திரத்தை உபதேசித்தார் என்பது குருபரம்பரைக் கதை. ராமானுஜரோ, நரகம் போனாலும் பரவாயில்லை என்று கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார். உங்கள் விஷயத்தில் இப்படி ஒரு தர்மசங்கடம் வர வாய்ப்பில்லை. 'பதில் நாளைக்கு எழுது' என்பதைக் கேட்க யாரும் பதினெட்டு முறை நடந்து வரப்போவதில்லை.

பக்க விளைவுகள்: வீட்டில் இருப்பவர்கள் உங்கள் மந்திரத்தைக் கற்றுக்கொண்டு உங்கள்மீதே பிரயோகிப்பார்கள். 'ஒண்ணொண்ணா பாத்துக்கலாம்' என்று நீங்கள் ஒரு மாதம் சொல்லிவந்தால், கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மகனும் அதையே, அதே அமைதியோடு சொல்வான். கரன்ட் பில் விஷயத்தில் மனைவி முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டாம். கட்டணம் கட்டாத வீட்டின் ஃபியூஸைப் பிடுங்க வருகிறவருக்கு உபதேசம் ஏறாது.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் மனசு கிடையாய்க் கிடந்தால் வாக்கியம் தேடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இந்த ஒரு பத்தியில் கிண்டல் இல்லை.

வேலை செய்யாமல் போன மந்திரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். சூரிய உதயப் படம் ஒன்றின்மேல் மஞ்சள் எழுத்தில் அதைப் போட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு அனுப்புங்கள். பெரியப்பா மூன்று கைகூப்பு போடுவார். சித்தி அதையே மறுநாள் உங்களுக்குத் தனியாக அனுப்புவார்.