நாற்பது மி.மீ. டிரைவர்

நீலசந்திரா என்ற எங்கள் பேட்டையின் பெயர் தமிழ் வாயில் ஏதோ கறுப்பு வெள்ளைப் பட நாயகியின் பெயர் மாதிரி விழும். ஆனால் பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்று பெங்களூரைச் சுற்றிக் கிடக்கும் அத்தனை சந்திராக்களும் நிலா இல்லை, ‘சமுத்திரம்’ தேய்ந்து ஆனவை என்பார்கள். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்பது அந்தக் காலத்து வழக்கம். இப்போது ஏரி இல்லை. சமுத்திரம் மட்டும் சத்தமாக இருக்கிறது. விடியற்காலை பாங்கு, பின்னாலேயே அம்மன் கோயில் ஒலிபெருக்கி, ஆறு மணிக்குத் தண்ணீர் மோட்டார், ஏழுக்குக் குக்கர்கள், எட்டுக்கு பஜார் தெரு ஆட்டோக்கள். வியாழக்கிழமை என்றால் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகும் கூட்டம் வேறு. எங்கள் தெருவில் தமிழ், உருது, கன்னடம் மூன்றிலும் சண்டை நடக்கும். மூன்றும் எனக்குப் புரியும் என்பதுதான் சங்கடம்.

இந்த அலைக்கு நடுவில் எனக்கொரு ஆசை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’டை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும். 1986இல் வந்த இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் அவர் செலுத்திய காணிக்கை. கேசட்டில் கேட்டிருக்கிறேன்தான். அதில் பக்கத்து வீட்டுக் கிரைண்டரும் சேர்ந்து வாசித்தது. இந்த வருஷம் சீட்டு எடுத்ததும், வீட்டில் கணக்குக் கேட்பதற்குள் ஒரு ஹெட்போனுக்கென்று எட்டாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்தேன்.

எட்டாயிரம் என்பது ஹெட்போன் உலகத்தில் பொல்லாத தொகை. ஐந்நூறு ரூபாய்க்காரன் நடைபாதைக் கடையில் நிறம் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். முப்பதாயிரக்காரனுக்குக் கடைக்காரரே காபி வரவழைத்துத் தலையில் மாட்டிவிடுவார். நடுவில் நிற்பவன்தான் படித்துத் தொலைக்க வேண்டும்.

படித்தேன். பெட்டிகளில் முதலில் கண்ணில் பட்டது ‘40 மி.மீ. டிரைவர்’. இதைக் கீழ் வீட்டு ஆட்டோக்காரத் தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். “இன்னாணா, நாப்பது மில்லிமீட்டர் டிரைவரா? என் சீட்டுக்கு வந்தா பிரேக்குக்குக் காலு எட்டாதேணா” என்றான். காதுக்குள் அதிரும் சின்ன ஸ்பீக்கருக்குத்தான் அந்தப் பெயர் என்று விளக்கினேன். பெரிய டிரைவர் என்றால் நல்ல சத்தமா என்று கேட்டான். பெரிய டிரைவர் எல்லாம் நல்ல டிரைவரா என்று நான் திருப்பிக் கேட்டதும் அவனுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது.

அடுத்தது ‘5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை’. மனுஷக் காதுக்கு எட்டுவது 20 முதல் 20,000 வரைதான். அதுவும் குழந்தைக் காதுக்கு. ஐம்பதைத் தாண்டிய என் காதில் மேல் மாடிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வருகின்றன, பதினையாயிரமே சந்தேகம். நாய்களுக்குத்தான் 40,000 வரைக்கும் கேட்கும். ஆக, என் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு எங்கள் தெரு நாய்களின் சங்கீத ஞானத்துக்குப் போகிறது. ராத்திரி அவை பாடுவதைப் பார்த்தால் ஏற்கெனவே யாரோ செலவு செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அக்கா மகன் கோரமங்களாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். “மாமா, வாங்குறதுக்கு முன்னாடி ஓப்பன் பேக் ஒண்ணு கேட்டுப் பாருங்க” என்று தன்னுடையதைக் கொடுத்தான். முதுகுப்பக்கம் மூடாமல் வலை போட்டிருக்கும் ரகம். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி ஆரம்பித்து வைத்த வித்தை அது. அவனுடையது 250 ஓம்ஸ். அவன் போனில் செருகினால், லோடு ஆட்டோவை ஸ்கூட்டி இழுக்கிற கதை. கொசு பாடுகிற மாதிரிதான் வந்தது. தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் கொடுத்தான். மாட்டியதும், ஆஹா, வயலின்கள் தலைக்கு வெளியே நின்று வாசித்தன. கூடவே பக்கத்து வீட்டுப் பாட்டி, “என்னாப்பா, இன்னிக்கு வீட்ல விசேஷமா? பிடில் சத்தம் கேக்குது” என்றார். அந்த வலை வழியாக உள்ளே இருப்பது வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளே வரும். ஒற்றைச் செங்கல் சுவரில் ஒட்டிப் பிறந்த நீலசந்திரா வீடுகளுக்கு அது தோதுப்படாது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு எஸ்.பி. ரோடு. மார்க்கெட் பஸ்ஸில் போய் இறங்கினால், ஒயர் முதல் கம்ப்யூட்டர் வரை மலையாகக் குவித்து வைத்திருக்கும் சந்து. கடைக்காரர் இந்தியில் வரவேற்று, கன்னடத்தில் விலை சொல்லி, நான் முகம் சுளித்ததும் தமிழுக்கு இறங்கினார். கேட்டுப் பார்க்க அவர் போட்டது, டம் டம் என்று நெஞ்சில் குத்தும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டில் தகர டப்பாவும் நன்றாகத்தான் கேட்கும். விலை கூடியதை மாட்டும்போது சத்தத்தையும் இரண்டு புள்ளி கூட்டினார். இது பழைய தந்திரம். கொஞ்சம் சத்தம் கூடினாலே நம் காது அதைத் தரம் கூடியதாக எடுத்துக்கொள்ளும். நான் ஒலி அளவை என் கைக்கு வாங்கிக்கொண்டு, என் போனில் இருந்த ‘ராக்கம்மா கையத் தட்டு’வைப் போட்டேன். 1991 ‘தளபதி’. 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகத்துப் பாட்டுகளில் நான்காவதாக வந்தது. அந்தப் பெருமைக்காக அல்ல. பாட்டு நடுவில் ஆட்டம் பாட்டத்தைக் கிழித்துக்கொண்டு பெண் குரல்கள் அப்பர் தேவாரம் பாடும் இடம் வரும். அந்தக் குரல்கள் குழைந்த சோறு மாதிரி வந்தால் அந்த ஹெட்போனைக் கழற்றிவிடலாம். பருக்கை பருக்கையாக வந்தால் மேலே பேசலாம். ஏழு ஹெட்போன் மாட்டினேன். நான்கில் சோறு குழைந்தது. மீதி மூன்றில் ஒன்று ‘நாய்ஸ் கேன்சலிங்’.

அதன் கதை ருசியானது. அமர் போஸ் என்ற அமெரிக்கர். அப்பா கல்கத்தாவிலிருந்து போன விடுதலைப் போராட்டக்காரர். 1978இல் விமானத்தில் வரும்போது கொடுத்த ஹெட்போனில் என்ஜின் இரைச்சல்தான் அதிகமாகக் கேட்டதாம். சலித்துப் போகாமல், இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். வெளியே வரும் அலையைச் சின்ன மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விட்டால், மேடும் பள்ளமும் சேர்ந்து சமதரை. விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வர 1989 ஆனது.

எஸ்.பி. ரோட்டில் பொத்தானை அழுத்தியதும் லாரிகளின் உறுமல் அப்படியே அடங்கியது. நான் போஸுக்கு மானசீகமாகக் கும்பிடு போட்டு ஏழாயிரத்து எண்ணூறை எண்ணிக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

வீட்டில் மாட்டினேன். ஃபேன் சத்தம் காணாமல் போனது. மோட்டார் சத்தம் போனது. அந்தச் சத்தங்களின் போர்வைக்கு அடியில் இதுவரை ஒளிந்திருந்ததெல்லாம் எழுந்து உட்கார்ந்தது. எதிர்வீட்டு சீரியலில் மாமியார் என்ன திட்டினாள், மாடியில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, அத்தனையும் சுத்தபத்தமாக. ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலைத்தான் இந்த வித்தை நன்றாகத் தின்னும். மேடும் பள்ளமுமாகத் துள்ளும் மனுஷப் பேச்சிடம் அதன் ஜம்பம் சாயாது. என்னுடையதில் மெத்தையும் மெலிசு. போதாக்குறைக்கு மூக்குக் கண்ணாடியின் காது, மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தது. போஸ் போனது விமானத்தில். நான் இருப்பது நீலசந்திராவில்.

ஐந்தாம் நாள் திரும்ப எஸ்.பி. ரோடு. ஒருமணி நேரம் மூன்று மொழியில் வாதாடி, அதே பணத்துக்குள் வேறொன்று எடுத்தேன். ஒயர் வைத்தது, முதுகு மூடியது, மெத்தை தடிமன், 32 ஓம்ஸ், போனே இழுக்கும். ஒயரைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். மெத்தையும் தனியாகக் கிடைக்கும் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். ரெக்சின் மெத்தை வேர்வையில் ஊறி இரண்டு மூன்று வருஷத்தில் உரிந்து, காதோரம் கறுப்புப் பொடியாக ஒட்டும். பார்க்கிறவர்கள் மலிவு சாயம் என்று நினைப்பார்கள். பேட்டரி இல்லாததால் அது சாகும் கவலை இல்லை. என் போனில் ஒயர் செருகும் ஓட்டை இல்லாததற்கு நானூறு ரூபாயில் ஒரு குட்டி வால் வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து அறுநூறு. நூறு மணி நேரம் பாடவிட்டுப் பழக்கினால்தான் நிஜக்குரல் வரும் என்று அக்கா மகன் சொன்னான். தோசைக்கல்லுக்குச் சொன்னால் நம்புவேன். பழகுவது காதுதான் என்பது என் கட்சி.

இதில் ஃபேன் சத்தம் லேசாக வருகிறது. வரட்டும், அது யாரைப் பற்றியும் பேசுவதில்லை. பேச்சுக் குரல்கள் மெத்தையோடு நின்றுவிடுகின்றன. வெளிச் சத்தம் அமுங்கியதால் ஒலியைப் பாதிக்கு மேல் ஏற்றவும் தேவையில்லை. வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கும் கோட்டுக்குள்ளேயே இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ‘ஹவ் டு நேம் இட்’ முழுசும் கேட்டேன். கடைசி வரை. கிரைண்டர் இல்லாமல்.

அதே நேரத்தில் சிலிண்டர்காரர் வந்து, மூன்று முறை கத்திக் கூப்பிட்டு, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். நீலசந்திராவில் யாரிடமாவது உபரி சிலிண்டர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மாடியேறி வந்து தோளைத் தட்டிச் சொல்லுங்கள். கீழேயிருந்து கூப்பிட்டால் கேட்காது.