ரெண்டு லிட்டர் வரைக்கும் விடுவாங்க, மாமா

அடிலெய்டு

அன்புள்ள மாமாவுக்கு,

தோப்புல வெள்ளை ஈ அடங்குச்சான்னு எழுதுங்க.

"வர்றப்ப நல்ல ரெட் ஒயினா ஒண்ணு எடுத்துட்டு வா"ன்னு சொல்லிப்போட்டு நீங்க பாட்டுக்குப் போனை வெச்சுட்டீங்க. எனக்குத் தூக்கம் போச்சு. நம்மூர் டாஸ்மாக்ல இந்த ரோதனையே இல்லீங்க. கம்பிக்குள்ள கையை விட்டா எது வருதோ அதுதான் நல்ல சரக்கு. இங்க சிவப்புக்கு மட்டும் வரிசை வரிசையா அலமாரி: ஷிராஸ், கேபர்னே, மெர்லோ, பினோ நுவார், கிரெனாஷ். பத்து டாலருக்கும் இருக்கு, பல நூறு டாலருக்கும் இருக்கு. சந்தையில நீங்க மாட்டை நடக்கவிட்டு, பல்லையும் சுழியையும் பாத்துப்போட்டு, விலையை மட்டும் துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு மறைச்சுப் பேசுவீங்க. இங்க தலைகீழுங்க. விலையை ஊரறிய எழுதி ஒட்டிப்போட்டு, சரக்கைக் கறுப்புக் கண்ணாடிக்குள்ள மறைச்சு வெச்சிருக்காங்க.

அதனால லேபிளைத்தான் படிக்கோணும். கங்காரு, கோட்டை, தங்க மெடல் எல்லாம் வெறும் சோடிப்பு. திராட்சை பேரு, ஊர் பேரு, வருசம், இந்த மூணுதான் விசயம். ஷிராஸ்னு எழுதினா உள்ள 85 சதவீதமாவது ஷிராஸ் இருக்கோணும். ஊருக்கும் வருசத்துக்கும் அதே கணக்கு. இது இங்கத்த சட்டம். (நம்ம பால்காரர் காதுல போட்டுறாதீங்க.) ஊரைச் சொல்லாம 'தென்கிழக்கு ஆஸ்திரேலியா'ன்னு பொத்தாம்பொதுவா எழுதியிருந்தா, பல மாநிலத்துத் திராட்சையைச் சேத்துக் கலக்கறதுக்கு எடம் வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதைத் திரும்ப அலமாரியிலயே வெச்சிருவேன்.

புட்டியைத் திருப்பினா இன்னும் சுவாரசியம். பக்கத்துப் பரோசா ஊர் ஷிராஸ்ல ஆல்கஹால் 14.5 சதவீதம்னு சர்வசாதாரணமா இருக்கும். அப்படின்னா 750 மில்லிக்குள்ள சுமாரா எட்டரை 'ஸ்டேண்டர்ட் டிரிங்க்'. ஒண்ணுக்குப் பத்து கிராம் ஆல்கஹால். பழரசமாட்ட மடக்கு மடக்குன்னு குடிச்சா எந்திரிக்க ஆள் வேணும். சிவப்பு ஒயினோட துவர்ப்பை அடக்கறதுக்கு முட்டை வெள்ளைக்கரு ஊத்தித் தெளிய வெக்கறதும் உண்டு. புரட்டாசியில முட்டை தொடாதவங்க அதையும் விசாரிக்கோணும். ஒயின் தொடலாமாங்கறது தனி வழக்கு.

மூடி திருகு மூடியா இருக்குன்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க. கார்க் கெட்டுப்போனா உள்ள இருக்கறது நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். அதனாலதான் 2000த்துல பக்கத்து கிளேர் பள்ளத்தாக்குக்காரங்க ஒண்ணாச் சேந்து தங்களோட ரீஸ்லிங் ஒயினுக்குத் திருகு மூடி போட்டாங்க. இப்ப நாடு பூரா பெரும்பாலும் அதுதான்.

பரோசாவுக்கே ஒருக்கா போயிருந்தேன். பொள்ளாச்சியில இருந்து வால்பாறை போற தூரந்தான், ஆனா கொண்டை ஊசி ஒண்ணுகூட இல்ல. அங்க ருசி பாக்கற கூடத்துல ஒரு பெரிய மனுசர் கோப்பையைச் சுத்தி, மூக்கை உள்ள விட்டு, வாயில ஊத்திக் கொப்பளிச்சு, அப்படியே பக்கத்து வாளியில துப்பினாரு. அடுத்தவரும் துப்பினாரு. காசு குடுத்து வாங்கித் துப்பறதை அன்னிக்குத்தான் பாத்தேன். "பிளம் இருக்கு, குறுமிளகு இருக்கு"ன்னாங்க. கதை விடறாங்கன்னு இருந்தேன். மிளகு நெசந்தானுங்க. ரொட்டன்டோன்னு ஒரு வேதிப்பொருள், குறுமிளகுலயும் ஷிராஸ்லயும் ஒண்ணே. அடிலெய்டுலயே இருக்கற ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் 2008ல கண்டுபுடிச்சுச் சொல்லியிருக்கு. பிளம்மை நான் இன்னும் தேடிட்டு இருக்கறேன்.

விசயம் தெரிஞ்சவங்க சொல்றதுதான் வேதவாக்குன்னும் பயப்படாதீங்க. பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில மேக்ஸ் ஷூபர்ட்னு ஒருத்தர் 1951ல 'கிரேஞ்ச்'னு ஒரு ஒயினைப் பரீட்சையாப் போட்டாரு. குடிச்சுப் பாத்த பெரிய பெரிய ஆளுக காறித் துப்பாத குறை. 1957ல கம்பெனியே நிறுத்தச் சொல்லிருச்சு. மனுசன் கேக்கலீங்க. தலைமை ஆபீசுக்குத் தெரியாம மூணு வருசம் ரகசியமாப் போட்டுட்டே இருந்தாரு. பழைய புட்டிக முதிர்ந்து ருசி ஏறினதும் 1960ல அவங்களே "போடு"ன்னுட்டாங்க. இன்னிக்கு அந்தப் புட்டி ஆயிரம் டாலர் பக்கம். உங்களுக்கு அது வராதுங்க.

சுங்கத்துல ரெண்டு லிட்டர் வரைக்கும் விடுவாங்க. 25 டாலர் கணக்குல ரெண்டு புட்டி எடுத்துட்டு வர்றேன், ஒண்ணு பரோசா ஷிராஸ், ஒண்ணு கிரெனாஷ். முதல்ல கிரெனாஷைத் தொறங்க, துவர்ப்பு கம்மி. மாதம்பட்டிப் பன்னீர் திராட்சையாட்ட இனிக்கும்னு நெனைக்காதீங்க. சர்க்கரை கிட்டத்தட்ட பூராவும் நொதிச்சு ஆல்கஹாலா மாறிரும். தோலும் விதையும் விட்ட துவர்ப்புத்தான் நாக்குல நிக்கும். பள்ளிபாளையம் சிக்கன் வறுத்தீங்கன்னா ஷிராஸ் பக்கமே போகாதீங்க, அந்த மொளகாயோட இது சேந்தா வாய் எரியும். மொளகு மட்டும் போட்ட ஆட்டுக்கறிக்கு அதை வெச்சுக்கலாம். 'அறை வெப்பத்துல குடிக்கோணும்'னு எழுதினவன் சித்திரை மாசத்துப் பொள்ளாச்சியைப் பாத்ததில்ல. அரைமணி நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டு எடுங்க. தொறந்தா ரெண்டு மூணு நாள்ல முடிச்சிருங்க. பேத்தி கல்யாணத்துக்குன்னு பீரோவுல பூட்டி வெச்சா இந்த விலை ஒயின் அதுக்குள்ள செத்துப்போயிரும்.

அப்பறம், ரெட் ஒயின் இருதயத்துக்கு நல்லதுன்னு நீங்க அனுப்பின வாட்ஸ்அப்பு. எந்த அளவு குடிச்சாலும் பத்திரம்னு சொல்ல முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலயே சொல்லிருச்சுங்க. அதை மருந்துக் கணக்குல எழுத வழியில்ல. மாசாணியம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு வர்றேன். புட்டி வர்றதை அத்தைகிட்ட நீங்களே சொல்லி வெச்சிருங்க, என் வாயால நான் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்க மருமவன்