பேராலயமுமல்ல, சந்தையுமல்ல: திறமூல மென்பொருளின் லயத்து இலக்கணம்

எரிக் ரேமண்ட் என்னும் அமெரிக்க நிரலாளர் 1997இல் ஜெர்மனியில் ஒரு கட்டுரை வாசித்தார். மென்பொருள் செய்யும் முறை இரண்டு என்றார். ஒருசிலர் கதவைச் சாத்திக்கொண்டு பேராலயம் எழுப்புவதுபோலச் செய்வது ஒன்று. ஊரே கூடிச் சந்தை இரைச்சலோடு செய்வது மற்றொன்று. லினக்ஸ் என்னும் இயக்குதளம் இரண்டாம் வகை என்று தீர்ப்பும் எழுதினார். அன்றுமுதல் இத்துறையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டுக்குள்ளேயே செக்கு சுற்றுகிறார்கள். ஜெர்மனியில் வாசித்த கட்டுரைக்கு நுவரெலியா மாவட்டத்துச் சான்றுகள் கிட்டாமல் போனதில் வியப்பில்லை. கிட்டியிருந்தால் மூன்றாவதாக ஒரு கட்டடம் உண்டென்று அவர் கண்டிருப்பார். அது லயம், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம், பக்கத்துக் காம்பராவோடு பங்கான நடுச்சுவர், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ப் பீலி. திறமூல மென்பொருளாளர் நிரலைப் பகிர்வதும், பேசுவதும், ஏசுவதும், பிரிவதும், மீண்டும் கூடுவதும் இந்த நடுச்சுவரின் விதிப்படியே நடக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு. காலவரிசையும் நமக்கே சாதகம். லயங்கள் கோப்பிக் காலத்திலேயே எழுந்துவிட்டன. லினக்ஸ் வந்தது 1991இல். முந்தியது பிந்தியதற்கு மூலம் என்பது ஆராய்ச்சி உலகில் நெடுங்காலமாகச் செல்லுபடியாகும் விதிதானே.

முதலில் சந்தைக் கொள்கையை அகற்றிவிடுவோம். சந்தையில் வாங்குபவர், விற்பவர் என இரு சாரார் உண்டு. பொழுது சாய்ந்தால் கூட்டம் கலைந்துவிடும். லினக்ஸின் உட்கருவான கேர்னலில் வேலை செய்கிறவர்களோ கலைவதே இல்லை. ஒரே ஆளோடு இருபது வருடம் சண்டை பிடிப்பவர்கள் அங்கே உண்டு. முகம் பார்த்திராதவரின் குணம், கோபம், அவர் எந்த நேரத்தில் பதில் போடுவார் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறார்கள். இது அண்டை வீட்டாரின் அறிவு. இன்னொரு சான்று: இத்தகைய திட்டங்களில் நிரல் பற்றிய சந்தேகத்தை ஒருவரிடம் தனியாகக் கேட்பது நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை, பொதுவில் கேள், அடுத்தவருக்கும் உதவும் என்பார்கள். பொதுவில் கேட்டால் என்ன நடக்கிறது? கேட்கப்பட்டவர் வாய் திறப்பதற்குள், கேட்கப்படாத ஒருவர் எங்கோ மூன்றாவது நாட்டிலிருந்து, "அதெல்லாம் எப்பவோ பேசி முடிச்சாச்சி" என்கிறார். நடுச்சுவர் கூரையைத் தொடாமல் நின்றுவிடும் லயங்களில் இதுவேதான் நடக்கும். முதல் காம்பராவில் புருசனிடம் கேட்ட கேள்விக்கு மூன்றாம் காம்பராவிலிருந்து பதில் வரும். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மற்றவர்களை ஏசியதும் அப்படித்தான் உலகம் முழுவதும் கேட்டது. 2018 செப்டெம்பரில் அவர் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்ததும் கேட்டது. பேராலயத்தில் இது சாத்தியமில்லை. அங்கே சுவர் கனம்.

இந்தச் சுவரின் பயனை 2024 மார்ச் 29 அன்று உலகம் கண்டது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் சத்தமில்லாமல் கிடப்பது. அன்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற நிரலாளர் தரவுத்தளம் ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வேலை வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைக் கவனித்தார். அரை நொடி! வேறு யாராக இருந்தாலும் கொட்டாவி விட்டுக் கடந்திருப்பார்கள். இவர் தோண்டிப் பார்த்தார். எக்ஸ்இசட்டுக்குள் யாரோ கள்ளவாசல் வைத்திருந்தார்கள். பக்கத்துக் காம்பராவின் தாழ்ப்பாள் இன்றைக்கு ஏன் பிந்தி விழுகிறது என்று காது கொடுப்பவரின் அறிவு இது. மூலநிரல் எல்லாருக்கும் திறந்து கிடந்ததால்தான் சந்தேகத்தைத் தீர்க்க முடிந்தது.

அற்றேல், அந்தச் சுவரைத் தாண்டித்தானே கள்ளனும் வந்தான் எனின், ஆம், வந்தான். ஆனால் எப்படி வந்தான் என்பதைப் பார்க்க வேண்டும். ஜியா டான் என்ற பெயரில் வந்த அந்த ஆள் 2021இல் தொடங்கிச் சின்னச் சின்ன உதவிகள் செய்தார். கருவியைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப் போயிருந்தார். வேறு சில புதுப் பெயர்கள் வந்து, வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் கொடுங்கள் என்று நச்சரித்தன. கடைசியில் திறப்பு புதியவர் கைக்கும் போயிற்று. சந்தையில் திருடுகிறவனுக்கு ஒரு நிமிடம் போதும். லயத்தில் திருட வேண்டுமானால் குடிவந்து, பீலியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, காய்ச்சலுக்குக் கசாயம் வைத்து, இரண்டு வருடம் நல்லவனாக வாழ வேண்டும். இந்தக் கள்ளன் அத்தனையும் செய்தான். எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் நம் கட்சிக்கே பேசுகிறது.

இனிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வருவோம், விடயம் சுவையானது. கேர்னலில் சேர்க்க விரும்பும் திருத்தத்தைப் பேட்ச் என்பார்கள். ஒரு பேட்ச் ஒரு காரியத்தை மட்டுமே செய்ய வேண்டும். நாலைந்தை ஒன்றாக அள்ளிப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டிலையும் ஒரு அரும்பும் என்று பழகியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முத்தல் இலையும் குச்சியும் கலந்து கூடையை நிரப்பினால் கங்காணி கொட்டிக் கிளறிப் பொறுக்கச் சொல்வார். நிறுவையில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பதுபோல இங்கேயும் கழிவு உண்டு. வரித் தொடக்கத்து இடைவெளி எட்டு எழுத்து அகலத் தாவலாக இருக்க வேண்டும். வரி 80 எழுத்தைத் தாண்டலாகாது என்ற வழக்கம் 2020 வரை நின்றது. நிரல் நன்றாக ஓடினாலும் வரியின் ஓரத்தில் ஒரு வெற்றிடம் துருத்திக்கொண்டு நின்றால் பேட்ச் திரும்பும். எழுதியவர், நிறுவையில் நிற்கும் பெண்ணைப் போலவே, முணுமுணுத்துக்கொண்டு மறுபடி வருவார்.

அந்தப் பேட்ச் மேலே போகும் வழியும் தோட்டத்து வழிதான். கேர்னலுக்குள் ஒரு கோப்பு இருக்கிறது. எந்தப் பகுதி யார் பொறுப்பு என்பதைச் சொல்வதே அதன் வேலை. எந்த நம்பர் மலை எந்தக் கங்காணிக்கு என்ற கணக்கு அப்படியே அங்கே உண்டு. சில்லறைக் கங்காணி பார்த்துப் பெரிய கங்காணிக்கு அனுப்ப, அவர் பார்த்து லினஸுக்கு அனுப்புகிறார். கைமாற்றும் ஒவ்வொருவரும் பேட்சின் அடியில் தம் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இந்த ஏற்பாடு 2004இல் வந்தது. முந்திய ஆண்டில் எஸ்சிஓ நிறுவனம், தன் நிரல் லினக்ஸுக்குள் களவாகப் புகுந்துள்ளது என்று ஐபிஎம் மீது வழக்குப் போட்டதன் விளைவு அது. ஆள் எங்கிருந்து வந்தான், யார் பொறுப்பில் வந்தான் என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பது இலங்கைக்குப் புதிதல்ல. தொழிலாளியின் கடனை எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவரைக் கைமாற்ற உதவிய துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இரண்டு சீட்டுக்கும் வேற்றுமை உண்டென்பதை மறைப்பது ஆராய்ச்சி நேர்மையாகாது. துண்டில் ஆளின் கடன் ஏறியது. கேர்னல் சீட்டில் ஆளின் பெருமை ஏறுகிறது.

பீலிக்கரைப் பேச்சுக்கு ஒரு சான்று போதும். 1999இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற திட்டத்தில், கணினியைச் சற்று நேரம் சும்மா இருக்கச் சொல்லும் ஒரு குட்டிக் கட்டளைக்குப் பின்ன நொடிகளும் தரலாமா என்று பெரிய விவாதம் மூண்டது. எல்லாரும் கருத்துச் சொன்னார்கள். போல்-ஹென்னிங் காம்ப் என்பவர் பொறுக்க மாட்டாமல் பார்க்கின்சன் என்னும் எழுத்தாளர் 1957இல் எழுதியதை நினைவூட்டினார்: அணு உலை கட்டும் தீர்மானம் நிமிடத்தில் நிறைவேறும், சைக்கிள் கொட்டகைக்கு என்ன கூரை என்பது நெடுநேரம் இழுக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவர்கள் இதற்குப் பார்க்கின்சனிடம் போகமாட்டார்கள். மாரியம்மன் தேருக்கு எந்த நிறச் சீலை என்பதில் விடிந்துவிடும்.

பிரிவினையைப் பற்றி வெளியார் அதிகம் கவலைப்படுகிறார்கள். கருத்து ஒவ்வாதவர் முழு நிரலையும் பிரதி எடுத்துக்கொண்டு தனியே போவது இந்த உலகில் உரிமை. லயத்துப் பேச்சில் இது தனி அடுப்பு வைப்பது. அண்ணன் தம்பி மனத்தாங்கலில் அடுப்பைப் பிரித்தாலும் காம்பரா அதே வரிசையில்தான் இருக்கும். புகை இந்தப் பக்கமும் வரும். ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளிலிருந்து 2010இல் லிப்ரேஆபிஸ் அடுப்பைப் பிரித்தது. பிற்பாடு மூத்த வீடு அப்பாச்சி உரிமத்துக்கு மாறியபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. மூத்த வீட்டுக் குழம்பை இளைய வீடு எடுத்து உண்ணலாம்; இளைய வீட்டுக் குழம்பை மூத்த வீடு தொடமுடியாது. உரிம விதி அப்படி. குடும்பச் சண்டையில் இத்தனை துல்லியமான தடையை லயத்தில்கூடக் காண்பது அரிது. எனினும் அங்கும் ஒருவழிப் பாத்திரங்கள் இல்லாமல் இல்லை.

இவை யாவும் சின்ன விடயங்கள், லயத்தின் பெரிய குணம் எங்கே என்று கேட்கலாம். சாவு விழுந்தால் லயத்தில் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. பந்தல் போடுபவர், விறகு வெட்டுபவர், சொந்தக்காரருக்குச் சொல்லி அனுப்புபவர் என வேலை தானாகப் பங்காகிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் நடந்ததும் அதுவே. இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாகக் கூடி, காணாமற் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதியும் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். சம்பளம் பேசவில்லை, யாருக்குச் சொந்தம் என்று கேட்கவில்லை. லங்கா சொப்ட்வெயர் ஃபவுண்டேஷன் அதைப் பிறகு திறமூலமாக வளர்த்தது. 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்துக்கும் சஹானா போயிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. சந்தைக் கொள்கையால் இந்த நிகழ்வை விளக்க முயன்று பார்க்கட்டும்.

வலுவான மறுப்பு இனிதான். லயத்தில் இருந்தவர்கள் விரும்பியா இருந்தார்கள்? அது உழைப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் பூட்டி வைக்கத் தோட்டக் கம்பனி கட்டிய கட்டடம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அங்கே இருந்தவர்களை நாடற்றவர்களாகவும் ஆக்கியது. நிரலாளரோ பிடிக்காவிட்டால் கணினியை மூடிவிட்டு எழுந்து போகலாம். இதைக் கடக்க இக்கட்டுரையிடம் சாமர்த்தியம் இல்லை, ஒப்புக்கொள்கிறது. ஆனால் எழுந்து போகலாம் என்பதில் மட்டும் ஒரு திருத்தம் உண்டு. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் ஓட்டை வெளியானபோது, இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்த அந்த நிரலில் முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவரே என்பதும், ஆண்டுக்கு வந்த நன்கொடை இரண்டாயிரம் டொலர் அளவே என்பதும் தெரியவந்தன. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற திறமூல நிரலின் பழுதைத் திருத்த இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் தன்னார்வலர்கள். அதை வைத்துப் பணம் பண்ணியவை பெருநிறுவனங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. கூடை சுமந்தவருக்கு அங்கே என்ன விலை போனதென்று யாரும் சொல்லி அனுப்பியதில்லை. 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கிடைக்கவே பல வருடப் போராட்டம் வேண்டியிருந்தது. இலை பறித்தவர் ஓரிடம், இலாபம் எடுத்தவர் வேறிடம் என்ற அளவில் நம் இலக்கணம் இங்கும் பொருந்துகிறது.

பொருந்தாத இடம் ஒன்றே ஒன்று. அதை மறைத்தால் இக்கட்டுரை போலியாகிவிடும். 1989இல் வெளியான குனூ பொது உரிமம் முதல், இந்த உலகில் குடியிருப்பவரின் கையில் ஒரு பத்திரம் இருக்கிறது. நிரலைப் பெற்ற எவரும் அதைப் பிரிக்கலாம், மாற்றலாம், இடித்துக் கட்டலாம், பிறருக்குக் கொடுக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மலையகத்தில் வீட்டுத் திட்டங்கள் பல வந்தன. 2017 மேயில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கே வந்து மேலும் பத்தாயிரம் வீடு அறிவித்துப் போனார். இருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்னும் லயத்திலேயே இருக்கின்றன. நாலு தலைமுறையாக அதே காம்பராவில் குடியிருப்பவர், சொந்தக் காசில் பின்சுவரை இரண்டடி தள்ளிக் கட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.