எடை பார்க்காத குத்து

குத்துச்சண்டையைக் காட்டுமிராண்டி விளையாட்டு என்று முகம் சுளிப்பவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிறையப் பேர் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. ஒரு மனிதன் இன்னொருவனை அடிக்க உலகத்தில் எத்தனையோ ஏற்பாடுகள் இருக்கின்றன. அடிப்பதற்கு முதல் நாளே இருவரையும் உள்ளாடையோடு தராசில் ஏற்றி, ஒரு பவுண்டு கூடியிருந்தாலும் “போய்க் குறைத்துவிட்டு வா” என்று திருப்பி அனுப்பும் ஏற்பாடு இது ஒன்றுதான். நடுவர் உண்டு. மணி உண்டு. விழுந்து கிடப்பவனைத் தொடக் கூடாது. இந்த நாகரிகத்தில் பாதி நம் நாட்டு லாக்கப்பில் இருந்திருந்தால், சில அம்மாக்கள் இன்றைக்கும் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற மனிதர் ஒருவர்தான்: பிலிப்பீன்ஸின் மேனி பாக்கியாவ். 1978-ல் பிறந்து, ஜெனரல் சந்தோஸ் நகரின் வறுமையில் வளர்ந்து, பதின்ம வயதில் வீட்டைவிட்டு மணிலாவுக்கு ஓடித் தெருவில் படுத்தவர். 1995 ஜனவரியில், 16 வயதில், தொழில்முறை மேடை ஏறினார். அப்போது எடை 98 பவுண்டு. ஆகக் கடைசிப் பிரிவின் வரம்பே 105. கனமான சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு தராசில் ஏறியதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். நம் அரசியலிலும் பை கனத்தால்தான் மேடை ஏற முடியும். அந்தப் பையனுக்குப் பை மட்டும் கனத்தது, வயிறு காலி. இங்கே இரண்டும் சேர்ந்தே கனக்கும்.

1998 டிசம்பரில் தாய்லாந்துக்கே போய், சச்சாய் சாசகுலை வீழ்த்தி 112 பவுண்டுப் பட்டத்தை எடுத்தார். மறு வருடமே தராசில் எடை கூடிவிட, சண்டை தொடங்கும் முன்பே பட்டம் கைநழுவியது. 2001-ல் கடைசி நேரத்து மாற்றாளாக லாஸ் வேகஸ் போய், தென்னாப்பிரிக்காவின் லெட்வாபாவை 122-ல் நொறுக்கினார். பிறகு பரேரா, மார்க்கெஸ், டியாஸ், ஹாட்டன், கோட்டோ என்று படிப்படியாக ஏறி, 2010 நவம்பரில் மார்கரித்தோ. ஒவ்வொரு படியிலும் தன்னைவிடப் பெரிய உடம்பு எதிரே நின்றது. ஒவ்வொரு படிக்கும் முகத்தைக் கிழித்துக்கொண்டார்.

நம்மவர்களும் ஏறத்தான் செய்கிறார்கள். கிளைத் தலைவர் என்ற ஈ எடையில் (ஃப்ளைவெயிட்) தொடங்கி, தொகுதி, மாநிலம், மத்திய செயலவை, செனட்டர், துணையமைச்சர், அப்புறம் டத்தோ, கடைசியில் டான்ஸ்ரீ. எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு. வழியில் ஒரு குத்துகூட வாங்கவில்லை. இவர்களில் ஒருவர் கிள்ளான் அடுக்குமாடி ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் இளைஞர் விளையாட்டு விழாவைத் திறந்துவைக்க வருவார். ஒரு மணி நேரம் தாமதம், மாலை, பொன்னாடை. பிறகு பேச்சு: “தம்பிகளா, மேனி பாக்கியாவப் பாருங்க. அவரும் ஏழைதான். உழைச்சா முன்னேறலாம்.” தம்பிகள் கை தட்டுவார்கள். அதே தம்பி மறுநாள் ராத்திரி கையில் பச்சை குத்தியபடி மோட்டார் சைக்கிளில் போனால் பெயர் மாறிவிடும்: குண்டர் கும்பல். முஷ்டி ஒன்றுதான். டிக்கெட் விற்றால் வீரன், விற்காவிட்டால் சந்தேக நபர்.

மார்கரித்தோ சண்டையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதிராளிக்கு உயரமும் அதிகம், எடையும் அதிகம். ஆனாலும் கடைசிச் சுற்றுகளில் அவருடைய முகம் முகமாகவே இல்லை. கண்குழி எலும்பு உடைந்திருந்தது. பாக்கியாவ் அடிப்பதைத் தளர்த்திவிட்டு நடுவரைப் பார்த்தார், நிறுத்துங்களேன் என்பதுபோல. நடுவர் நிறுத்தவில்லை. இவர் மென்மையாக ஆடியே மீதியை முடித்தார். உலகமே கொல் கொல் என்று கத்தும்போது எதிராளியின் கண்ணுக்காக இரங்கிய அந்த ஆளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த ஆளைத்தான் பிறகு நாடாளுமன்றத்தில் காணோம்.

கண் என்றதும் நம் ஊர்க் கண் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1975 ஜூலையில் முகம்மது அலி கோலாலம்பூருக்கு வந்து மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு 15 சுற்று ஆடினார். ஆனால் இந்த நகரத்தில் விழுந்த மிகப் புகழ்பெற்ற குத்து அலியுடையது அல்ல. அது 1998 செப்டம்பர் 20 இரவு விழுந்தது. புக்கிட் ஜாலிலில் காமன்வெல்த் விளையாட்டுகள் முடிய ஒரு நாள் பாக்கி. நம் சரவணன் 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வாங்கித் தந்த விளையாட்டுகள். சரவாக்கின் சாப்போக் பிக்கி 48 கிலோ குத்துச்சண்டையில் தங்கம் வாங்கிய அதே விளையாட்டுகள். அன்றிரவு போலீஸ் தலைமையகத்தில் இன்னொரு போட்டி. ஒரு பக்கம் தேசியப் போலீஸ் படைத் தலைவர் ரஹிம் நூர். எதிர்ப்பக்கம், அந்த மாதம்தான் துணைப்பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அன்வார் இப்ராஹிம்: கையில் விலங்கு, கண்ணில் கட்டு. தராசு இல்லை, நடுவர் இல்லை, மணியும் இல்லை. கருத்து வீங்கிய அந்தக் கண் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டிருக்கலாம் என்றார் பிரதமர் மகாதீர். கண்ணும் கையும் கட்டப்பட்ட நிலையில் தன்னையே நாக் அவுட் செய்துகொள்ளும் வித்தையை பாக்கியாவ் எட்டு எடைகளிலும் கற்கவில்லை.

குத்தியவர் பிறகு ஒப்புக்கொண்டார். 2000-ல் கிடைத்த தண்டனை இரண்டு மாதச் சிறை, கொஞ்சம் அபராதம்.

இருபது வருடம் தள்ளி வருவோம். 2018 ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை. அதே புக்கிட் ஜாலில் வளாகம், ஆக்சியாத்தா அரங்கம். 39 வயது பாக்கியாவும் அர்ஜென்டினாவின் லூகாஸ் மத்தீசேயும். மூன்றாவது சுற்றில் மத்தீசே விழுந்தார், ஐந்தாவதில் விழுந்தார், ஏழாவதில் விழுந்ததோடு சண்டை முடிந்தது. 2009-க்குப் பிறகு பாக்கியாவ் எதிராளியை முழுச் சுற்றும் போகவிடாமல் முடித்தது அன்றைக்குத்தான். நல்ல சண்டை. ஆனால் என் கண் மேடையில் நிற்கவில்லை. பார்வையாளர்களில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் ஐந்து நாளுக்கு முன்னால் 93 முடித்த மகாதீர். மே மாதத் தேர்தலில் ஜெயித்து ‘புதிய மலேசியா’வின் பிரதமர் ஆகியிருந்தார். இன்னொருவர், அப்போது தன் நாட்டுச் செனட்டராக இருந்த பாக்கியாவ் சண்டை போடுவதைப் பார்க்கப் பறந்து வந்த பிலிப்பீன்ஸ் அதிபர் டுத்தேர்த்தே.

டுத்தேர்த்தே வீட்டிலும் அப்போது ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது, போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில். அவர் பதவி முடிவதற்குள் அரசின் சொந்தக் கணக்கிலேயே 6,000 பேருக்கு மேல் போலீஸ் நடவடிக்கைகளில் செத்தார்கள். மனித உரிமை அமைப்புகளின் கணக்கு அதைவிடப் பல மடங்கு. செத்தவர்களில் பெரும்பாலோர் யார்? குடிசைப் பையன்கள். பாக்கியாவ் எந்தத் தெருவில் படுத்துக் கிடந்தாரோ, அந்த மாதிரித் தெருப் பையன்கள். இளவயதில் கஞ்சாவும் ஷாபு என்ற போதைப்பொருளும் தொட்டவர்தான் தான் என்று பாக்கியாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் இருபது வருடம் தாமதித்துப் பிறந்திருந்தால் மணிலாச் சந்து ஒன்றில் ‘போதைக்காரன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கலாம்.

அப்படிப்பட்டவர் செனட்டில் என்ன செய்தார்? அந்தக் கொலைகளை விசாரித்துக்கொண்டிருந்த நீதிக் குழுவின் தலைமையிலிருந்து லைலா டி லிமாவை இறக்கும் தீர்மானத்தை 2016 செப்டம்பரில் கொண்டுவந்தவர் இவர்தான். அந்த அம்மா அடுத்த வருடம் கைதாகி, ஏறக்குறைய ஏழு வருடம் உள்ளே கிடந்தார். மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர முன்னால் நின்றவரும் இவரே. யேசுவுக்கே அன்றைய அரசு மரண தண்டனை விதித்ததே என்று வாதம் வேறு. யேசு தரப்பிலிருந்து இதைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். மேடையில் ஒரு மெக்சிகோக்காரன் கண்ணுக்காகச் சுற்றை மெதுவாக்கியவர், செனட்டில் தன் பழைய உருவத்தின் மேலேயே ஏறி நின்றார். ஏழையைப் பிடித்து மேலே தூக்கி வைத்தால் அவன் ஏழைகளுக்குக் குரல் கொடுப்பான் என்று நம்பிச் சாதிச்சங்கத்திலிருந்து கட்சிக் கிளை வரைக்கும் ஓட்டு கேட்கிறவர்கள், இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசலாம்.

அந்த அரங்கம் நிற்கும் மண்ணையும் சொல்லிவிட வேண்டும். புக்கிட் ஜாலில் முன்பு ஒரு ரப்பர் தோட்டம். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பால்மரம் சீவிய தோட்டம். அந்த மண்ணில் அரங்கம் வந்தது, கோல்ப் திடல் வந்தது, தொழில்நுட்பப் பூங்கா வந்தது, நெடுஞ்சாலை வந்தது. சீவியவர்களுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. கடைசியில் 41 குடும்பங்கள் லயத்தைவிட்டு நகர மாட்டோம் என்று நின்றன. அத்தனை ஏக்கரில் 4 ஏக்கர் கொடுங்கள், வீடு கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். 2011-ல் அவர்களுக்கு மாநகர் மன்றத்திடமிருந்து வந்தது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். பதினாறாயிரம் பேர் உட்கார ஓர் அரங்கம் கட்ட இடம் இருந்தது. நாற்பத்தொரு குடும்பம் படுக்க இடம் இல்லை. பிலிப்பீன்ஸ் ஏழை ஒருவர் கோடிகளுக்காக ரத்தம் சிந்த மலேசிய ஏழைகள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்று சொன்னால் அது பெருந்தன்மை மாதிரி ஒலிக்கும். கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினார்கள்.

அந்தச் சண்டை முடிந்த அடுத்த மாதம் புதிய மலேசியா ஒரு நியமனம் செய்தது. தென் தாய்லாந்தில் அரசும் கிளர்ச்சியாளர்களும் பேசுவதற்கு ஓர் அமைதித் தூதர் வேண்டும். பொறுமைசாலி, கையை அடக்கத் தெரிந்தவர், எதிராளியின் கண்ணைப் பார்த்துப் பேசக் கூடியவர். பிரதமர் மகாதீர் தேடிப் பிடித்தார்: ரஹிம் நூர்.

இதை நான் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் ‘ரொம்ப மிகை’ என்று வெட்டியிருப்பார்.

அன்வாருடைய கண்ணுக்கு உலகம் இருந்தது. பெரிய எடை, அதனால் விசாரணைக் கமிஷன் வந்தது. ஈ எடைக்காரர்களுக்கு? 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா போலீஸ் நிலையத்தில் குகன் செத்தார். வயது 22. கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துவந்தார்கள். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் போராடி வாங்கிய இரண்டாவது பரிசோதனை, அந்த உடம்பு முழுக்க அடி என்றது. சிறைக்குப் போனது ஒரு கான்ஸ்டபிள். 2013-ல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. சம்பவத்தின்போது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவரையும் பொறுப்பாளி என்றது. தீர்ப்பு வாசிக்கப்பட்ட நாளில் அவர் தேசியப் போலீஸ் படைத் தலைவர். ஒரு பிரிவு மேலே ஏறியாயிற்று.

நம் எட்டு எடைச் சாம்பியன்கள் அப்போது என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். அறிக்கை விட்டார்கள். மாலையோடு வந்தார்கள், இந்த முறை சவத்துக்கு. பிற்பாடு இந்தியர் மேம்பாட்டுக்கு வருடத்துக்கு 10 கோடி ரிங்கிட் என்று மித்ரா என்ற அரசு அமைப்புக்கு ஒதுக்கினார்கள். அந்தப் பணம் எங்கே போனது என்று ஊழல் தடுப்பு ஆணையமே வந்து தேட வேண்டியிருந்தது. பையன்கள் கையில் பச்சை குத்துவதுதான் சமூகப் பிரச்சினை என்று இன்னமும் கருத்தரங்கு நடத்துகிறார்கள், பிரிக்பீல்ட்ஸில், மதியச் சாப்பாட்டோடு.

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், இந்த நாட்டில் தராசில் ஏறி முறையாக எடை குறைத்தது ஒன்றே ஒன்றுதான். 2005-ல் அரச விசாரணை ஆணையம் ஒன்று, போலீஸ்காரர்களின் முறைகேடுகளை விசாரித்துத் தண்டிக்க அதிகாரம் உள்ள சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஹெவிவெயிட். அது ஒவ்வோர் ஆட்சியிலும் பட்டினி கிடந்தது. எல்லாரும் எதிர்க்கட்சியில் இருக்கும்போது அதற்குச் சோறு ஊட்டினார்கள், ஆட்சிக்கு வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 2022-ல் சட்டமாகி, 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தபோது அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்திலேயே ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை; பரிந்துரை செய்யலாம். லாக்கப்பைப் போய்ப் பார்க்கலாம், ஆனால் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லி அனுப்புவதோடு ஒரு வாரம் அவகாசமும் கொடுத்துவிடலாமே. வீக்கம் வடிய அவ்வளவு நாளாகும்.