நாளை மின்தடை

செய்தித்தாளை எடுத்ததும் சிலர் ராசிபலன் பார்ப்பார்கள், சிலர் தங்கம் விலை பார்ப்பார்கள். நான் ‘நாளை மின்தடை’ பார்ப்பேன். மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாகக் காலை 9 மணி முதல் என்று ஆரம்பித்து, துணை மின்நிலையத்தின் பெயரைச் சொல்லி, நகர் நகராக அடுக்கியிருப்பார்கள். அதில் எங்கள் நகரும் இருந்துவிட்டால் அன்றைக்கு இரண்டாவது காபி கேட்கும் அளவுக்கு எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

திருச்சியில் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. எங்களுக்கு மாதத்தில் இரண்டே திதிகள்: 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி படிவம். இருபதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கி இருந்தால் வட்டி வேறு. லட்சக்கணக்கில் சரக்கைக் கடன் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மனிதர்கள் இந்த ஐம்பது ரூபாய்க்குத் தூக்கம் வராமல் புரள்வார்கள். இரவு பதினோரு மணிக்குக் கொள்முதல் பில்களைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் தள்ளுவார்கள். தொகை இருக்கும் இடத்தில் சரியாகக் கட்டைவிரல் இருக்கும். கடைசியில் ரோஜாப்பூவுடன் ஒரு ‘இனிய இரவு’.

இன்று ஓய்வு எடுக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். “உடம்புக்கு முடியலையா சார்?” என்பார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றால், “அப்ப ஒரு அஞ்சு நிமிஷ வேலைதான் சார்” என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆள் நன்றாக இருக்கும்போதே ஓய்வெடுப்பது நம் ஊரில் ஏறக்குறைய மோசடி. காய்ச்சல் வரட்டும், துக்கம் நேரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால், “கரண்ட் இல்லை அண்ணாச்சி” என்று சொல்லுங்கள். “அப்படியா! சரி சரி, வந்ததும் பாருங்க.” அவ்வளவுதான். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி ஒருபடி மேலே போய், போன மாதம் தன் பகுதியில் சாயங்காலம் வரை இல்லை என்று எனக்கு ஆறுதலும் சொல்வார். கரண்ட் இல்லாவிட்டாலும் செல்போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அதிலேயே பில்லைப் பார்க்கலாமே என்று இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அண்ணாச்சி கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அரை மணி தாங்கினால் அதிகம். பேட்டரிக் கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் “மாத்திரலாம் சார்” என்கிறார். நான் பிடிகொடுப்பதில்லை. என் மனநலம் அந்தப் பேட்டரியின் கையாலாகாத்தனத்தில்தான் நிற்கிறது.

மின்தடை நாளின் காலையைப் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு நிற்கப்போகிறது என்றால் ஏழு மணிக்கே தெரு முழுக்க மோட்டார் ஓடும். மொட்டைமாடித் தொட்டிகள் நிரம்பி சன்ஷேடில் கொட்டும். மதியத்துக்கும் சேர்த்துத் தேங்காய் அரைபடும். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அன்றைக்கு எங்கேயும் போகப்போவதில்லை. அவரும் இரண்டு சட்டைகளை அயர்ன் பண்ணி மாட்டிவிடுவார். ஒன்பது தாண்டியதும் மின்விசிறி மனசில்லாமல் சுற்றி நிற்கும். ஃப்ரிட்ஜ் ஓர் உதறு உதறிவிட்டு அடங்கும். அது அத்தனை நாளும் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரியும்.

பிறகு தலைமையாசிரியர் நாற்காலியை வெளியே இழுத்துப் போடுவார்.

“எப்ப சார் வரும்?”

“அஞ்சு மணின்னு போட்டிருக்கான்.”

“அப்ப ஆறு.”

சென்ற முறை, அவர் வீட்டு முருங்கை பூவாகவே கொட்டிக்கொண்டிருக்கிறதே, ஏன் காய் பிடிக்கவில்லை என்று மூன்று வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து விவாதித்தோம். முடிவு எட்டப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தேதியும் குறிக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

எந்த மின்வெட்டும் சுகம்தான் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். 2012 வாக்கில் வெளிமாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் வெந்ததை நாங்கள் மறக்கவில்லை. எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாததால் அது தண்டனை. பேப்பரில் போட்டு, ஊருக்கே சேர்த்து நிறுத்துவது வேறு. கிளை வெட்ட, இன்சுலேட்டர் துடைக்க, தளர்ந்த இணைப்பை முறுக்க, கம்பிக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று மின்வாரியத்துக்குத் தெரிந்திருக்கிறது. (அந்த விடுப்பில் மாடு மாதிரி உழைப்பவர்கள் லைன்மேன்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நான் மட்டும் நின்றால் பக்கத்துக் கணக்கர் என் வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போய்விடுவார். அவர் வீட்டிலும் கரண்ட் இல்லை என்றால் எனக்கென்ன பயம்?

இப்படி எல்லோருக்கும் சேர்த்து ஓய்வு தருவதைத்தான் வெளிநாட்டில் சட்டமாகப் போடுகிறார்கள். பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகான மின்னஞ்சல் தொல்லையைப் பற்றி ஊழியர்களோடு பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரம் முடிந்தபின் மேலதிகாரி கூப்பிட்டால், மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை எடுக்காமல் இருக்கலாம். நம் நாட்டில் எம்.பி. சுப்ரியா சுலே 2018இல் இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் கடைசியாக நிறைவேறியது 1970இல். எனவே இப்போதைக்கு போனை எடுத்துவிடுவதே நல்லது. தவிர, இந்தச் சட்டங்களெல்லாம் முதலாளி உள்ளவர்களுக்கு. எனக்கு அண்ணாச்சிதான் இருக்கிறார்.

இதையெல்லாம் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி கரண்டியோடு வந்து, “கேஸ் அடுப்புக்கு எப்பங்க மாதாந்திரப் பராமரிப்பு?” என்றாள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் புரட்டினேன். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். “தொண்ணூத்தேழா? இதை யாரு ஆடிட் பண்ணினது?” என்றாள். கணக்கு எழுதுகிறவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். அன்று மதியம் பழைய சோறும் மோரும் என்று தீர்மானமாயிற்று. வெங்காயம் உரித்தது நான்.

கடை வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பில்களை 5ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கரிடம் சேர்த்துவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவரைக் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரக்கூடியது பெரும்பாலும் ஐம்பது ரூபாய்தான்.