பினிஷிங் மட்டும்தான் பாக்கி

"எல்லாம் முடிஞ்சிடுச்சி சார், பினிஷிங் மட்டும்தான் பாக்கி" என்று மேஸ்திரி சொன்னால், கையிருப்பில் பாதி இனிமேல்தான் கரையப்போகிறது என்று பொருள். பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராகச் சேர்ந்து, உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்ற என்னிடமே இதைச் சொல்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் பழைய கிளப் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம். கட்டடக் கமிட்டியில் நானும் இருக்கிறேன். என் அப்பா அதே கிளப்பில் மார்க்கராக இருந்தவர்.

டென்னிஸ் கோர்ட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, பந்து பொறுக்குவது, பில்லியர்ட்ஸ் மேஜையருகே நின்று பாயின்ட் சொல்வது, சீட்டாடுகிறவர்களுக்கு வெற்றிலை, சோடா வாங்கி வருவது, கடைசி ஆள் கிளம்பியதும் கதவைப் பூட்டுவது எல்லாம் மார்க்கர் வேலை. தாசில்தார் தோற்கிற நாளில் பாயின்ட்டை உரக்கச் சொல்லக் கூடாது. இது யாரும் எழுதி வைக்காத விதி. தாசில்தார், முன்சீப், சப்-ரிஜிஸ்டிரார், சர்க்கார் டாக்டர், நாலைந்து வக்கீல்கள், ரைஸ் மில் முதலாளிகள், இவ்வளவுதான் உறுப்பினர்கள். பேன்ட் போட்டவர்களுக்கு முன்வாசல். வேட்டி என்றால் வராந்தா பெஞ்சு வரை. எங்களுக்குக் கிணற்றடிப் பக்கம்.

2014-ல் சென்னையில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டி வந்தார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் அல்லவா? அதற்காகச் சட்டசபையில் தனிச் சட்டமே போட்டார்கள். எங்கள் ஊர் அந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. எண்பதுகளில் வேட்டி கட்டியவர்களே செயலாளராக வந்துவிட்டார்கள். இப்போதைய தலைவரும் கரைவேட்டிதான். புதுப் போர்டில் அவர் சேர்க்கச் சொன்ன முதல் வரி: "லுங்கி, டிரவுசர் அணிந்து வர அனுமதி இல்லை."

போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. நான் பையனாக இருந்தபோது போர்டில் தென்னார்க்காடு ஜில்லா. 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தபோது அதன் பெயர் விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம். அத்தனை எழுத்தையும் அந்தச் சின்னத் தகரத்தில் அடக்கிய பெயின்டருக்குக் கூடுதல் கூலி கொடுத்தோம். 1997-ல் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். மறுபடி அழித்து எழுதினோம். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சியே மாவட்டம் ஆனது. "கலெக்டர் வருவாரு, எஸ்.பி. வருவாரு, அவுங்களைக் கூப்பிட்டு உக்கார வைக்க நமக்கு ஒரு இடம் வேணாமா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். புதுப்பிக்கும் யோசனை பிறந்தது அப்போதுதான். இந்தத் தடவை எழுத்தெல்லாம் அக்ரிலிக், உள்ளே எல்.இ.டி. அழித்து எழுத முடியாது. இனிமேல் மாவட்டத்தைப் பிரிக்கிறவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிரிக்கலாம்.

கட்டடம் நல்ல கட்டடம். ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர். மேலே மெட்ராஸ் டெர்ரஸ்: தேக்குச் சட்டம் போட்டு, மெல்லிய செங்கலைக் குறுக்குவாட்டில் நிறுத்தி அடுக்கிய தளம். ஒரு கோடையில் அதற்கு மேல்தளம் மாற்றிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை ஒருத்தி தெளித்துக்கொண்டே போவாள். அந்த வாடை தெருமுனை வரை வரும். கட்டை தெறித்துத் திரும்பும்வரை தட்டவேண்டும்; விரல் அமுங்கினால் மேஸ்திரி மறுபடி தட்டச் சொல்லுவார்.

வெல்லம் இங்கேயே கிடைத்தது, கரும்பு விளைகிற ஊர். கடுக்காய் கல்வராயன் மலையிலிருந்து வந்தது. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மூட்டையைச் சுமந்து இறங்கி, கச்சிராயபாளையம் ரோடு வழியாக வந்து கிணற்றடியில் போடுவார்கள். அப்பாதான் எண்ணி வாங்குவார். அவர்கள் வராந்தாப் படியில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அவர்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1976 வரை மலையில் ஜாகீர்தார்கள் ராஜ்ஜியம். நாடு சுதந்திரமாகிக் கால் நூற்றாண்டு கழித்தும் வரியும் நியாயமும் ஜாகீர்தார்கள் கையில். கிளப்பில் சீட்டுக் கலைத்த பெரிய மனிதர்கள் அதைப் பற்றிப் பேசியதாக அப்பா சொன்னதே இல்லை.

இப்போதைய பினிஷிங்குக்கு வருவோம். சுவர் வெடித்த இடங்களில் சுண்ணாம்புப் பூச்சுதான் பூசவேண்டும், சிமென்ட் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், தானே வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசிப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பட்டியைத் தள்ளிக்கொண்டு வரும். சேப்பாக்கத்தில் ஆர்க்காட்டு நவாபின் கலசமகால் 2012 ஜனவரியில் எரிந்து போயிற்று. அதைப் பொதுப்பணித்துறை சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையிலேயே எடுத்து நிறுத்தியதையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். "அது அரமனைங்க. இது கிளப்பு" என்றார் பொருளாளர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, என்னைத் தவிர.

சிமென்ட் பூசினார்கள். பட்டி பார்த்தார்கள். ஒரு மழை வந்தது. சீட்டாட்ட அறையின் வடக்குச் சுவரில் பட்டி உப்பி, கை வைத்தால் அப்பளமாக உதிர்ந்தது. "டேம்ப் ப்ரூப் அடிச்சா நின்னுடும் சார்" என்று கடைக்காரர் ஒரு டப்பா கொடுத்தார். அடித்தார்கள். இப்போது பக்கத்துச் சுவரில் உப்புகிறது.

மற்ற வேலைகளெல்லாம் ஒழுங்காக, அதாவது தலைகீழ் வரிசையில் நடக்கின்றன. பெயின்டர் இரண்டாம் கோட்டிங் முடித்த அன்று எலக்ட்ரீஷியன் வந்து காடி வெட்டினார். டைல்ஸ் ஒட்டி ஜாயின்ட் அடைத்த பிறகு பிளம்பருக்கு ஒரு பைப் ஞாபகம் வந்தது. தரையில் அந்தக்கால ரெட் ஆக்சைடு இருந்தது; அப்பா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளக்க வைத்த தரை. அதைக் கொத்திக் கொத்தி மேடுபள்ளமாக்கி, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். நனைந்தால் வழுக்குகிறது, ஆகவே அதன்மேல் சிவப்பு மேட் விரிக்கப்போகிறார்கள். ஏ.சி. பைப்புக்கு ஓட்டை போட வந்த பையன் மெஷினை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்து, பிட் சூடேறிப் புகைந்ததும் இறங்கிவிட்டான். "என்ன சார் இது, சுவரா, பாறையா?" அந்தப் பாறையைத்தான் வலுவில்லை என்று சொல்லிச் சிமென்ட் பூசினோம்.

தேக்குச் சட்டங்கள் ஒன்றுகூட உளுக்கவில்லை. ஆனால் பால்ஸ் சீலிங் வந்து மூடிவிட்டது. மரம் தெரிந்தால் பழசாகத் தெரியுமாம். பழமை வேண்டும் என்பதற்காக நுழைவாயிலில் யாளி வைத்த தூண்கள் நிறுத்தியிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரச்சிற்ப ஆசாரிகள் ஊரிலேயே இருக்கிறார்கள். தூண்கள் வெளியூரிலிருந்து லாரியில் வந்தன, பைபர். தட்டினால் டப்பா சத்தம் வருகிறது. மர வண்ணம் மட்டும் அசலாக இருக்கிறது என்று ஆசாரி ஒருவரே பாராட்டிவிட்டுப் போனார்.

பின்பக்கச் சிறிய அறையில் பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று உண்டு. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது. சர்க்கார் கொள்கையை அந்த அலமாரியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். புது பிளானில் அந்த அறைக்கு 'பார்' என்று போட்டிருந்தார்கள். 2024 ஜூனில் இதே ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த கூட்டத்தில் பிளானில் 'பேமிலி ஹால்' என்று திருத்தியிருந்தது. கவுன்ட்டரும் சிங்க்கும் மாறவில்லை.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்தது. எங்கள் கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. பெரிய ஹாலில் சுவர் முழுக்க மலைப் படம் ஒட்டியிருக்கிறது. மேகம், அருவி, சாமை வயல், கூடை சுமக்கும் ஒரு கிழவி. டைல்ஸ் பெட்டியை லாரியிலிருந்து இறக்கியவர்களில் இரண்டு பேர் மலைக்காரப் பையன்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்துக்கு முன் நின்று, அது எந்த ஊர்க் கிழவி என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டது கிணற்றடியில்தான். அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

திறப்பு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருக்கிறது. தேதி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சுண்ணாம்புக் கட்டடம் இருந்து, அதைப் புதுப்பிக்கக் கமிட்டி போட்டிருந்தால், பட்டி மூட்டை வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள். கடுக்காய் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்தான் கிடைக்கமாட்டார். காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், போய் விசாரியுங்கள். கமிட்டியில் ஓட்டெடுப்புக்கு விடுவதற்கு முன்பே விசாரியுங்கள்.