சும்மா வந்த சிலை

கேள்வி: பூங்காவுக்கு ஒருவர் இலவசமாகச் சிலை தந்தால் மாநகராட்சி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். தீனி போடப்போவது மாநகராட்சிதானே! வெண்கலம் என்றால் அவ்வப்போது கழுவி மெழுகு பூச வேண்டும், பீடம் விரிசல் விடாமல் கவனிக்க வேண்டும். அதற்கும் பணம் தருகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது, அது கலையா என்ற வழக்கு. இதில் நிபுணர்களை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கட்சி. 'ராக்கி 3' படத்துக்காகச் செய்த குத்துச்சண்டை வீரர் சிலையை அதன் நாயகன் நடிகர் ஸ்டாலோன் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்கே கொடுத்தார். கலையல்ல, சினிமா சாமான் என்று எதிர்ப்பு கிளம்பி, அங்குள்ள கலை அருங்காட்சியகப் படிக்கட்டிலிருந்து விளையாட்டரங்குக்குப் போனது. 2006-இல் அதே படிக்கட்டின் அடிவாரத்துக்குத் திரும்பிவிட்டது. இப்போது அதன் பக்கத்தில் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது!